அகராதி அக்காவும் ஒரு குப்பம்மாவும்

மலேசியாவின் கேமரன் மலையில் இன்று தன் பெயருக்கு என்ன பொருள் என்று தெரிந்து நடமாடும் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அகராதி அக்காவுக்குக் கடன்பட்டவர்கள். மீதிப் பாதிப் பேரின் பெற்றோர், அவரிடம் திட்டு வாங்கியும் திருந்தாதவர்கள்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. தானா ராத்தா பதிவு அலுவலகத்தில், பிறப்புப் பதியும் கவுண்டரில், அவர் முன்னால் ஒரு பலகையில் அதைப் பொறித்து வைத்திருந்தார்கள். யாரும் அதைப் படித்ததில்லை. ஊரே அகராதி அக்கா என்றுதான் கூப்பிட்டது. எழுத்துத் தமிழில் அகராதி ஒரு புத்தகம். பேச்சுத் தமிழில் அது ஒரு குணம். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்லுகிற குணம். ஊர் எந்த அர்த்தத்தில் கூப்பிட்டது என்பது, கூப்பிடுகிறவர் அன்றைக்குக் கவுண்டரில் என்ன பாடு பட்டார் என்பதைப் பொறுத்தது.

ரிங்லெட்டுக்கு மேலே இருந்த தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு நான் ஆசிரியையாக மாற்றலாகி வந்தபோது, தானா ராத்தாவில் ஒரு சீன ஆண்ட்டியின் வீட்டு மாடியில் அறை கிடைத்தது. பக்கத்து அறையில் அக்கா இருந்தார். தெமர்லோவில் பிறந்தவர், வேலைக்காக மலையேறி வந்து அங்கேயே தங்கிவிட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒரு நாள் தைரியமாகக் கேட்டுவிட்டேன்.

“பொண்ணு பாக்க வந்தவரு, சமைக்கத் தெரியுமான்னு கேட்டாரு. ‘தெரியும்’னா எத்தன அர்த்தம் இருக்கு, உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். காப்பிகூட குடிக்காம எழுந்து போய்ட்டாரு டீச்சர்.”

வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நான் வந்த அன்றே, பெட்டியைக்கூட இறக்கி வைக்கவிடாமல், “என்ன பாடம் சொல்லிக் குடுக்கிறீங்க?” என்றார்.

“தமிழ், கணிதம்.”

“அகராதி வெச்சிருக்கீங்களா?”

நான் கைப்பேசியைக் காட்டினேன். காலில் செருப்போடு சாமி அறைக்குள் நுழைந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் வரும் பெரிய சதுர ரொட்டி டின் ஒன்றை இழுத்தார். மூடியைத் திறந்ததும் சூடமும் ஈரமும் கலந்த வாடை வந்தது. உள்ளே இருந்தது அவருடைய அகராதி.

அதற்கு அட்டை கிடையாது. முதல் பக்கங்களும் இல்லை. தொகுத்தவர் யார், எந்த ஊரில் அச்சானது, எந்தக் காலத்தது, எதுவும் தெரியாது. தெமர்லோவில் யாரோ எடைக்குப் போட இருந்த மூட்டையிலிருந்து அவருடைய அப்பா உருவிக்கொண்டு வந்தாராம். அகரச் சொற்களின் நடுவில் எங்கோ திடீரென்று ஆரம்பிக்கும். ‘அகராதி’ என்ற சொல்லே அதில் இல்லை; அது கிழிந்துபோன பக்கத்தோடு போய்விட்டது.

கேமரன் மலைப் பனியில் எந்தக் காகிதமும் ஊறிக் கொழுத்துவிடும். அதனால் வெயில் எட்டிப் பார்க்கிற நாளில், ஊரார் துணி காயப்போட்டால், அக்கா அகராதியைக் காயப்போடுவார். பின்கட்டில் முறத்தில் விரித்துவைத்து, காற்றில் பக்கம் பறக்காமல் நான்கு மூலைக்கும் உருளைக்கிழங்கு வைப்பார். வீட்டுக்கார ஆண்ட்டி அதை ஏதோ வேதப் புத்தகம் என்று முடிவு கட்டிவிட்டார். கடந்து போகும்போதெல்லாம் லேசாகத் தலை குனிவார். திடீரென்று மழை கொட்டினால், கொடியில் கிடக்கும் தன் துணிகளை விட்டுவிட்டு, முதலில் அகராதியைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே ஓடுவார். அக்காவும் கடைசிவரை அந்தத் தப்பைத் திருத்தவில்லை.

“போனுல இதைவிட நிறைய சொல்லு இருக்கு கா” என்று நான் வாதாடுவேன். “ஒரு நொடியில வந்துடுது.”

“வருதுலா, யார் இல்லன்னா? ஆனா கேட்டது மட்டுந்தான் வரும். எங்க ஆபீஸ் கவுண்டர் மாதிரி. நம்பரக் கூப்பிடு, கேட்டதக் குடு, அடுத்த ஆளு. புஸ்தகம் அப்படி இல்ல. தீபாவளிக்கு ஒருத்தர் வீட்டுக்குப் போறீங்க. அவரத்தான் பாக்கப் போனீங்க. அவரு குளிச்சிட்டிருக்காரு. அவரு தம்பி உக்கார வெக்கிறாரு, மச்சான் முறுக்கு நீட்றாரு, பக்கத்து வீட்டு மாமா கதை சொல்றாரு. நீங்க வந்த ஆளு வெளிய வர்றதுக்குள்ள ஊரு நியாயம் பூரா தெரிஞ்சிடும்.”

உண்மையில் அவர் ஒரு சொல்லைத் தேடி அந்தப் புத்தகத்தைத் திறந்தால், அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு மூடியதை நான் கண்டதேயில்லை. ‘கலயம்’ பார்க்கப் போவார். ‘கலவரம்’ தாண்டி, ‘கலை’ தாண்டி, ‘கழுதை’ வரைக்கும் போய்விடுவார். அடுப்பில் சாம்பார் தீய்ந்துகொண்டிருக்கும்.

அவருக்கு மிகவும் பிடித்தது, அந்தத் தொகுப்பாளர் தனக்குத் தெரியாததை ஒப்புக்கொள்ளும் இடங்கள். ஏதோ ஒரு பெயர் இருக்கும், எதிரே ‘ஒரு மரம்’ என்று மட்டும் போட்டிருக்கும். இன்னொன்றுக்கு ‘ஒருவகை மீன்’. அவ்வளவுதான்.

“பாருங்க டீச்சர். இந்த மனுசன் கடலப் பாத்திருக்க மாட்டாரு. யாரோ மீனுன்னு சொன்னாங்க, மீனுன்னு எழுதிட்டாரு. மேல பேசல. உங்க போன் இப்படி வாய மூடுமா?”

வாய் மூடாது என்பதற்கு ஊரிலேயே சான்று இருந்தது. கடைகளுக்கு முன்னால் இருக்கும் நடைபாதைக்கு மலாயில் காக்கி லீமா என்று பெயர்; ஐந்தடி அகலம் என்று பொருள், ஆனால் காக்கி என்றால் காலும்தான். ஒரு நாள் அங்கே மூன்று மொழியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். தமிழை யாரோ கைப்பேசியில் மொழிபெயர்த்திருக்கிறார்கள்: ‘ஐந்து கால்களில் மோட்டார் சைக்கிள் நிறுத்தக் கூடாது.’ அக்கா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

“நமக்கு ரெண்டுதான்லா இருக்கு. இது யாருக்குப் போட்டது?”

பழைய அகராதி பாலும் தேனுமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா புரட்டியபோது, ‘கூலி’ என்ற சொல் என் கண்ணில் பட்டது. சம்பளம், வாடகை என்று இரண்டு பொருள் சொல்லிவிட்டு, மூன்றாவதாகக் ‘கடலுக்கு அப்பால் தோட்டங்களுக்கு அனுப்பப்படும் இழிசனர்’ என்று போட்டிருந்தது. என் அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் பிறந்தவர்கள். புத்தகத்தை அவர் மடியில் வைத்து அந்த வரியைக் காட்டினேன்.

“இதையும் சேத்துத்தான் காயப்போடுறீங்களா கா?”

அவர் படித்தார். அவருடைய அப்பாவும் ஒரு காலத்தில் ரப்பர் பால் எடுத்தவர். அந்த வரியை விரலால் தொட்டு மறுபடியும் படித்தார்.

“இருக்கட்டும் டீச்சர். எவன் நம்மள எப்படிப் பாத்தான்னு எங்கயாச்சும் எழுதியிருக்கணும்ல? புதுசுல இத எடுத்துட்டானுங்க. எடுத்தது நல்லதுதான். ஆனா எடுத்துட்டா, யாருமே அப்படிப் பாத்ததில்லன்னு ஆயிடும்.”

பிறகு பக்கத்தைத் தடவிவிட்டு மூடினார். அன்று மேற்கொண்டு அவர் எதையும் படிக்கவில்லை.

இனி, பெயர்கள். பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று பெற்றோர் முடிவு செய்துவிட்டுத்தான் கவுண்டருக்கு வருவார்கள். அவர்கள் எழுதிக்கொடுத்ததைப் பதிவது மட்டுமே அக்காவின் வேலை. ஆனால் அவர் பேனாவைத் திறக்கும் முன், “அர்த்தம் என்ன?” என்று கேட்பார். முதல் பெண்ணுக்கு கோபிகா என்று வைத்த ஒருவர், இரண்டாவதுக்கு எதுகையாக லோபிகா என்று எழுதிக்கொண்டு வந்தார்.

“லோபின்னா கஞ்சன். பச்சப் புள்ளைய கஞ்சின்னு கூப்பிடப் போறீங்களா?”

“இண்டர்நெட்ல அன்பானவள்னு போட்டிருக்கு கா.”

“அப்ப இண்டர்நெட்டயே தூக்கி வளக்கச் சொல்லுங்க.”

இன்னொருவர் அனிஷ்டா என்று வந்தார். அது யாரும் விரும்பாதது என்று அர்த்தம் கொடுக்கும் என்று அக்கா விளக்கியதும், குழந்தையின் தாய் அங்கேயே கணவனை முறைத்த முறைப்பில், பெயர் ஒரு நிமிடத்தில் அனிதா ஆகிவிட்டது. வரிசை வாசல்வரை நீளும். மேலதிகாரிக்குப் புகார் போகும். அவர் ஒரு மலாய்க்காரர், பொறுமைசாலி. கூப்பிட்டுக் கண்டிப்பார். அக்கா தலையாட்டிவிட்டு வந்து, அடுத்தவரிடம் அர்த்தம் கேட்பார்.

அப்படி இருந்தவரிடம்தான் ஒரு நாள் ரோஸ்லின் வந்தாள்.

எங்கள் பள்ளி இருந்த தோட்டத்துப் பெண். கணவன் சேவியர் தேயிலை ஆலையில் வேலை செய்தான். பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டிருந்தாள். எழுதிக்கொண்டு வந்த பெயர்: எஸ்தர் குப்பம்மா.

அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“எஸ்தர் சரி. இது என்னம்மா குப்பம்மா?”

“எங்கம்மா பேரு கா. போன மாசந்தான் தவறிட்டாங்க.”

“அம்மா மேல பாசம் இருக்க வேண்டியதுதான் தங்கச்சி. ஆனா அந்தக் காலம் வேற. நாளைக்கு இந்தப் புள்ள பெரிய பள்ளிக்கூடம் போகும். கூடப் படிக்கிற மலாய்ப் புள்ளைங்க அர்த்தம் கேக்கும். தெரிஞ்சிக்கிட்டு ‘சம்பா, சம்பா’ன்னு கூப்பிடும். குப்பைக்கு மலாய்ல அதானே பேரு? நல்லாவா இருக்கு?”

“அம்மாவும் இதான் சொன்னாங்க” என்றான் சேவியர். அவன் சொன்னது தன்னுடைய அம்மாவை. ஜெனிஷா என்றொரு பெயரை அந்த அம்மாள் தயாராக வைத்திருந்தார்.

ரோஸ்லின் வாதாடவில்லை. தாளைத் திரும்ப வாங்கி மடித்துக் குழந்தையின் துண்டுக்குள் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்று மாலை அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் புள்ள ஒண்ணுமே பேசல டீச்சர். திட்டியிருந்தாக்கூட பரவால்ல.” பிறகு, அவராகவே, “உங்க போனுல பாருங்க” என்றார். அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

பார்த்தேன். குப்பை: கழிவு, வேண்டாத பொருள்.

கையைக் கழுவிவிட்டு வந்து டின்னை இழுத்தார். பக்கத்தைக் கண்டுபிடித்து, விரலை வைத்து, மெல்லப் படித்தார். குப்பை: குவியல், மேடு, மிகுதி, எரு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் நெற்குப்பை, உப்புக்குப்பை, பொற்குப்பை. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் ‘கூட்டித் தள்ளியது’ என்று இருந்தது.

“நெல்லக் குமிச்சு வெச்சா அதுக்குப் பேரு குப்ப!” எழுந்தே நின்றுவிட்டார். “உப்பக் குமிச்சாலும் குப்ப, பொன்னக் குமிச்சாலும் குப்ப! நான்தான் டீச்சர் குப்ப மாதிரி பேசிட்டேன். சம்பான்னு கூப்பிட்டாத்தான் என்ன? நம்ம ஊர்ல சம்பாவும் நெல்லுதானே!”

சனிக்கிழமை காலையில் என் பழைய காடியை நான் ஓட்ட, இருவரும் தோட்டத்துக்குப் போனோம். ரிங்லெட் தாண்டியதும் பனி இறங்கி, தேயிலைச் சரிவு எதுவும் தெரியவில்லை. அக்கா ரொட்டி டின்னை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வளைவுக்கு வளைவு, “மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க” என்றார். எங்களுக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன், புத்தகத்துக்காகச் சொல்லியிருக்கிறார்.

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் ரோஸ்லின் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அரசாங்க அலுவலகத்து அம்மா டின்னோடு வந்து நின்றதும் சேவியர் பயந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டான். அக்கா நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து, டின்னைத் திறந்து, அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். நெல், உப்பு, பொன் எல்லாவற்றையும் சொன்னார். தான் அன்று தப்பாகப் பேசிவிட்டதாகவும் சொன்னார்.

மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. “நெல்லா? பொன்னா? அட, இது தெரியாமப் போச்சே! அப்ப தாராளமா வெய்யி ரோசு. யாரு கேட்டாலும் பொன்னுன்னு சொல்லிக்கலாம்.”

ரோஸ்லின் தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

“வேணாங்க கா. அப்படிச் சொல்லி வெக்க வேணாம்.”

“ஏம்மா?”

“எங்கம்மா பேருக்கு அர்த்தம் நெல்லு இல்ல. குப்பதான். கூட்டித் தள்றோமே, அதேதான்.” அவள் குரல் உயரவில்லை. “அவங்களுக்கு முன்னாடி ரெண்டு புள்ள பொறந்து செத்துப்போச்சு. இவங்க பொறந்ததும், லயத்துக்குப் பின்னால இருந்த குப்பமேட்டுல கொண்டுபோய்ப் படுக்க வெச்சு, ‘இது எனக்கு வேணாம், குப்ப’ன்னு சத்தமாச் சொன்னாங்களாம். அப்புறம் வேற ஒருத்தங்க எடுத்துட்டு வந்து குடுத்தாங்களாம். எமனுக்குக் கேக்கணும்னு. குப்பதானேன்னு அவன் விட்டுட்டுப் போவணும்னு. அம்மா பொழச்சிக்கிட்டாங்க. அதான் நான் இருக்கேன். இவ இருக்கா.”

மாமியார் கையில் கீரை அப்படியே நின்றது. “இத ஏன்டி நீ எங்கிட்ட சொல்லல?”

“அர்த்தம் என்னன்னுதான் எல்லாரும் கேட்டீங்க அத்த. ஏன் வெச்சாங்கன்னு யாரும் கேக்கல.”

நான் அக்காவைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அவர் புத்தகத்தை ரோஸ்லின் பக்கம் நகர்த்தினார்.

“பென்சில் இருக்காம்மா?”

அந்த வீட்டில் பென்சில் இல்லை. சேவியர் அங்கும் இங்கும் தேடிவிட்டு, ரோஸ்லினின் கண்மைப் பென்சிலைக் கொண்டுவந்து கொடுத்தான். அக்கா அதை வாங்கி, ‘குப்பை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், ஓரத்து வெள்ளையில், கொழகொழவென்று கறுப்பாக எழுதினார்: பிழைக்க வேண்டிய பிள்ளைக்கு இடும் பெயர். எழுதியதை ரோஸ்லினிடம் காட்டினார்.

“சரியாம்மா?”

அவள் படித்துப் பார்த்தாள். தலையசைத்தாள். அதற்கு அப்புறம்தான் அழுதாள். மாமியார் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தொட்டில் கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை அந்தப் பெயர் மேலதிகாரியின் மேசைக்குப் போனது. சங்கடமான பெயர் வந்தால் விளக்கம் எழுத வேண்டும். அன்று மாலை அக்கா வீடு திரும்பியதும் ஓடிப்போய்க் கேட்டேன்.

“எந்த அர்த்தம் சொன்னீங்க கா? நெல்லா, குப்பையா?”

“ரெண்டையும் சொன்னேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“அவங்க கம்போங் கிராமத்துலயும் இப்படி உண்டாம். அவரு தாத்தாவோட அண்ணன சாகுற வரைக்கும் ‘புரூக்’னுதான் கூப்பிட்டாங்களாம். அவலட்சணம்னு அர்த்தம். ஆனா பாக்க ராஜா மாதிரி இருப்பாராம்.” அக்கா சிரித்தார். “கையெழுத்துப் போட்டுட்டாரு.”

அதற்குப் பிறகு அக்கா கவுண்டரில் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. “அர்த்தம் என்ன?” போய், “இந்தப் பேரு ஏன் புடிச்சிச்சு?” என்று கேட்க ஆரம்பித்தார். புகார்கள் குறையவில்லை. முன்பு ஒரு வரியில் பதில் வரும். இப்போது ஒவ்வொருவரும் குடும்பக் கதையை ஆதியிலிருந்து சொன்னார்கள். வரிசை வாசலைத் தாண்டிப் படிக்கட்டுவரை போனது.

எஸ்தர் குப்பம்மா இரண்டு ஆண்டுக்கு முன் என் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். முதல் நாள் நான் பெயர் வாசித்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்து, “அது எங்க பாட்டி பேரு. எமனயே ஏமாத்துன பேரு” என்றாள். அன்று மதிய இடைவேளையில் அவளைச் சுற்றித்தான் கூட்டம்.

பணி ஓய்வு பெற்றபின் அக்கா தெமர்லோவுக்கே திரும்பிவிட்டார். தங்கை வீட்டில் இருக்கிறார். சென்ற பள்ளி விடுமுறையில் பார்க்கப் போனேன். கீழ்நாட்டு வெக்கை. அகராதிக்கு இப்போது டின் வேண்டியதில்லை. அலமாரியில் மொரமொரவென்று இருந்தது. அவருக்குத்தான் கண் மங்கிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை கைப்பேசியிடம் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிறார் என்று தங்கை காட்டிக்கொடுத்தார்.

“கேப்பேன்” என்றார் அக்கா, கொஞ்சமும் அசராமல். “தப்பாச் சொல்லும். திட்டுவேன். ‘மன்னிக்கவும், புரியவில்லை’ங்கும். ஒருவேள நல்ல புள்ளதானோ என்னவோ.”

பிறகு அலமாரியைக் கை காட்டினார். “டீச்சர், அத எடுத்துக் கொஞ்சம் படிங்க.”

“எந்தச் சொல்லு கா?”

“எதா இருந்தா என்ன? நடுவுல எங்கயாச்சும் தொடங்குங்க.”

நடுவில் திறந்தேன். சொல்லும் பொருளுமாகப் படித்துக்கொண்டு போனேன். ஓர் இடத்தில் என் ழகரத்தைத் திருத்தினார். இன்னோர் இடத்தில், ‘ஒருவகைப் பறவை’ என்று வந்ததும், பார்வை மங்கிய கண்ணோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். பக்கம் திருப்பினேன். அவர் தலை நாற்காலியின் முதுகில் சாய்ந்தது, கை மடியில் தளர்ந்தது, தூங்கிவிட்டார். நிறுத்தினால் விழித்துக்கொள்வாரோ என்று, குரலை மட்டும் தாழ்த்தி, அடுத்த சொல்லையும் படித்தேன்.